மஞ்சள் ஜோடி

இப்போதெல்லாம் யாரும் எதையும் வைப்பதில்லை. விட்டுவிடுகிறார்கள். தட்டை மேஜையில் வைக்க மாட்டார்கள், மேஜைக்கு ஒரு விரற்கடை மேலே விட்டுவிடுவார்கள். அது தானாக விழுந்துகொள்ள வேண்டும். கார் கதவைச் சாத்த மாட்டார்கள், தள்ளிவிட்டு நடப்பார்கள். ஒரு பொருளைப் பிடித்து, அதன் இடத்துக்குக் கொண்டுபோய் வைத்து, பிறகு கையை எடுக்கிற பழக்கம் மனிதரை விட்டுப் போய்விட்டது. என் கவுண்டரில் நின்றால் இதை நாள் முழுக்கப் பார்க்கலாம். பலகையைக் கழற்றுவார்கள், திருப்பித் தர வருவார்கள், கவுண்டருக்கு நாலு அடி முன்னாலேயே விட்டுவிடுவார்கள். அது தரையில் அடித்துக்கொண்டு வந்து என் கால்மாட்டில் நிற்கும்.

ஸ்கீ என்று போர்டில் எழுதியிருக்கும். நாங்கள் பலகை என்போம். மாலுக்குள்ளே ஒரு பனிமலை கட்டி வைத்திருக்கிறார்கள், உங்களுக்குத் தெரியும். வெளியே ரோட்டில் தார் இளகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிஷின் ஊதிய பனி. அதில் சறுக்கும் பலகைகளைத் தீட்டி, மெழுகு போட்டு, ரிப்பேர் பார்த்து வாடகைக்குக் கொடுக்கிற ஒர்க்‌ஷாப்பில் மலை திறந்த நாளிலிருந்து இருக்கிறேன். பெயர் கார்மேகம். படிப்பு அதிகமில்லை, கையெழுத்துப் போடுவேன்.

நீங்கள் கேட்பது நீலாவின் காலைப் பற்றி. தெரியும், ஐயா. அதற்கு வருகிறேன். ஆனால் பலகைக்கு எப்படி வயசாகிறது என்று தெரியாமல் அதைக் கேட்டீர்களென்றால், நான் ஏதோ கெட்டவன் மாதிரி உங்களுக்குத் தோன்றும்.

புதுப் பலகை இரண்டை அடியோடு அடி சேர்த்துப் பிடித்தால் நுனியும் வாலும்தான் தொடும். நடுவில் விரல் போகிற அளவு இடைவெளி இருக்கும். அமுக்கினால் மூடும், விட்டால் திறக்கும். அதுதான் உயிர். போகப்போக அந்த இடைவெளி குறையும். கடைசியில் இரண்டும் செத்த மீன் மாதிரி ஒட்டிக் கிடக்கும். அடிப்பக்கம் மெழுகு காணாவிட்டால் எண்ணெய் படாத தோல்போல வெள்ளை பூக்கும். இரண்டு பக்கமும் ஓடுகிற எஃகுக் கம்பியை ஒவ்வொரு தடவை தீட்டும்போதும் கொஞ்சம் போகும். வானத்திலிருந்து விழுகிற பனி எப்படியோ, மிஷின் பனி உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். வாலைத் தரையில் குத்திக் குத்தி மேல்தோல் பிரியும். பிரிந்த இடத்தில் தண்ணீர் இறங்கும். உள்ளே இருப்பது மரம்தானே, ஊறும். மேலே பார்க்கப் பளபளவென்று இருக்கும் பலகையில் ஸ்க்ரூ சும்மா சுற்றும்.

இதெல்லாம் பரவாயில்லை. பலகை மோசமானால் ஆள் தடுமாறுவான், அவ்வளவுதான். முக்கியமானது பைண்டிங், பூட்ஸைப் பலகையோடு பூட்டுகிற பிடி. ஆள் விழுந்தால் அது தானாகக் கழல வேண்டும். கழன்றால் பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவார்கள். கழலாவிட்டால் பலகை பனியைக் கவ்விக்கொண்டு அப்படியே நிற்கும், ஆள் மட்டும் திரும்புவான். எங்கே திரும்புவது? முழங்காலில்தான்.

பைண்டிங்குக்கும் வயசாகும். உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது, கிரீஸ் இருக்கிறது, முன்காலுக்குக் கீழே பூட்ஸ் வழுக்கிப் போக ஒரு சின்னத் தகடு இருக்கிறது. மண் ஏறித் தகடு சொரசொரக்கும். குளிரில் கிரீஸ் கெட்டியாகும். சிலது லேசாகத் தொட்டாலே கழலும், சிலது இறுகிப்போகும். எது எப்படி என்று கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை. பலகையைப் பட்டறைப் பிடியில் இறுக்கி, பூட்ஸை மாட்டி, அதன் மூக்கில் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவேன். கழல்கிற விதத்தில் சொல்லிவிடுவேன். கையுறை போட மாட்டேன், உறை பொய் சொல்லும். இந்த வேலைக்கு முன்னால் முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு கேரேஜில் லாரி ஸ்பிரிங் பட்டைகளை அடித்து வளைத்தவன் நான். அங்கே வந்த கை இது.

பிறகு ரிஷி வந்தான்.

கோயம்புத்தூர்க் குடும்பம், பிறந்து வளர்ந்தது இங்கே அபுதாபியில். டெக்னிக்கல் மேனேஜர் என்று கழுத்தில் அட்டை. கெட்டவன் இல்லை. வந்த உடனே ஒரு மெஷின் வாங்கினான். பலகையை அதில் மாட்டினால் பூட்ஸை அதுவே திருப்பிப் பார்க்கும். சரியாகக் கழன்றால் பச்சை விளக்கு, இல்லையென்றால் சிவப்பு. சிவப்பு விழுந்த ஜோடிக்கு நுனியில் பெயிண்டால் ஒரு சிவப்புக் கோடு போட்டு மூலையில் சாத்த வேண்டும். பிறகு ரம்பத்தால் இரண்டாக அறுக்க வேண்டும். கோடு போடுவதும் அறுப்பதும் நான்.

மஞ்சள் ஜோடிக்குச் சிவப்பு விழுந்தது. அந்த ஜோடியை அட்டைப்பெட்டியிலிருந்து உருவியவன் நான். எத்தனை தடவை தீட்டினேன், எங்கே ஒட்டுப்போட்டேன் எல்லாம் கைக்குத் தெரியும். அதன் நடு வளைவுகூட இன்னும் இறங்கவில்லை.

"இது கழலும்," என்றேன்.

"அங்கிள், டபுள் ஃபோர்ஸ் காட்டுது. டேஞ்சர்," என்றான்.

பட்டறைப் பிடியில் மாட்டித் தட்டிக் காட்டினேன். கழன்றது. மேஜையில் இருந்த டீக் கோப்பை குதித்துக் கவிழ்ந்தது. அந்த மேஜைக்குக் கால் சரியில்லை, எப்போதும் ஆடும்.

ஜெய்னுலாப்தீன் கவுண்டரிலிருந்து எட்டிப் பார்த்தான். கீழக்கரைக்காரன், பூட்ஸ் கொடுக்கிறவன், வாய் ஓயாது. "யா அல்லா, அண்ணே. பைண்டிங்கத் தட்டச் சொன்னா பில்டிங்கயே தட்டுறீங்களே," என்றான். நின்ற பையன்கள் எல்லாம் சிரித்தார்கள்.

ரிஷி சிரிக்கவில்லை. என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள். நீங்க எவ்ளோ ஓங்கி அடிக்கிறீங்கன்னு உங்களுக்கே தெரியல. கையில ஃபீலிங் இருக்கா இல்லையான்னு ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்களேன்."

"லேசாத்தான் தொட்டேன்."

"அதத்தான் சொல்றேன்," என்றான். "லீவு முடிஞ்சு ஆளுங்க வரட்டும். அதுக்கப்புறம் நீங்க டிரையிங் ரூம் பாத்துக்கங்க. இங்க மெஷின் போதும்."

டிரையிங் ரூம் என்பது ஈரப் பூட்ஸ் காய்கிற அறை. ஊரெல்லாம் போட்டுக் கழற்றிய பூட்ஸ் வரிசையாகக் கவிழ்ந்திருக்கும், கீழேயிருந்து சூட்டுக்காற்று வரும். அந்த வாடையில் ஒரு பெங்காலி கிழவர் உட்கார்ந்திருந்தார். அவர் ஊருக்குப் போகிறார், அந்த இடத்தில் நான். ஊதியம் அதேதான் என்றான், ஏதோ அதுதான் விஷயம் மாதிரி.

என் கையைப் பற்றி ஜெய்னுலாப்தீனும் உங்களிடம் சொல்லியிருப்பான். மெழுகு தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியில் ஒரு நாள் என் விரல் ஒட்டிக்கொண்டது உண்மை. "அண்ணே, கறி வாசம் வருது, இன்னிக்கு என்ன விசேஷம்," என்று அவன்தான் கேட்டான். பார்த்தால் விரல். அரத்தில் ரத்தம் இருந்ததாக இன்னொரு நாள் காட்டினான். தோல் தடித்த கை, ஐயா. வேலை செய்கிற கை அப்படித்தான் இருக்கும். வலிக்காத கையை நோய் என்று சொல்கிற காலம் இது.

அந்த ஜோடியை நான் அறுக்கவில்லை. தின்னர் தொட்டுச் சிவப்புக் கோட்டைத் துடைத்தேன். வேறொரு பலகையின் நம்பர் ஸ்டிக்கரைப் பிரித்து இதில் ஒட்டினேன். ரம்பத்தில் வேறு ஏதோ ஒரு நல்ல ஜோடியை விட்டேன், கணக்கு சரியாக வேண்டுமே. அந்த நல்ல ஜோடி வீணானது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

மெஷின் சொல்வது சரியா, என் கை சொல்வது சரியா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு. பலகை காலுக்காகச் செய்தது. காலில் மாட்டித்தான் பார்க்க வேண்டும். என் காலில் மாட்டலாம்தான். எனக்குச் சறுக்கத் தெரியாது, தவிர அந்த அளவு எனக்குச் சேராது.

யாருக்குக் கொடுப்பது என்று நான் தேடவில்லை. பலகையை விட்டெறிகிறவர்கள் தாங்களாகவே முன்னால் வந்தார்கள். முதலில் ஒரு ஆபீஸ் கூட்டத்தில் வந்த தடியன். காலையில் பலகையை எறிந்தான், சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வந்து கேட்டான். மஞ்சளைக் கொடுத்தேன். என் பட்டறைக்கும் மலைக்கும் நடுவில் கண்ணாடிதான், எல்லாம் தெரியும். மேலேயிருந்து உருண்டு விழுந்தான். பலகை கழன்று தனியாக இறங்கி வந்தது. பார்த்தீர்களா என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆள் நல்ல பாரம், நல்ல வேகம் என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள்.

அடுத்து ஒரு உயரமான பெண். போனில் பேசிக்கொண்டே பூட்ஸை என் பக்கம் காலால் தள்ளியவள். அவளுக்குக் கழலவில்லை. முழங்காலில் ஐஸ் வைத்துக் கட்டி, சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். நான் கவனித்தேன், அவள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தபடி விழுந்தாள். அப்படி விழுந்தால் எந்தப் பலகையும் கழலாது. அதற்குப் பிறகு ஒரு மீசைக்காரன். அவனுக்கும் கழலவில்லை, நொண்டிக்கொண்டே போனான். அவன் காலில் ஏற்கெனவே ஏதோ கோளாறு இருந்திருக்கிறது, உள்ளே நுழையும்போதே நடை சரியில்லை. இன்னும் ரெண்டு பேர் உண்டு. ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒரு குறை இருந்தது. சுத்தமான சோதனை ஒன்றுகூட அமையவில்லை.

அடி படுகிறவர்கள் கூடுகிறார்கள் என்று ரிஷிக்கு உறைத்தது. ஒரு நாள் மலையை மூடி, ஸ்டாண்டில் இருந்த பலகை அத்தனையையும் மெஷினில் ஏற்றிப் பார்த்தான். எல்லாம் பச்சை. மஞ்சள் ஜோடி மெழுகு மேஜைக்குப் பின்னால் இருந்தது. ஒளித்தேன் என்று எழுதாதீர்கள். சோதனை பாதியில் இருக்கிறது, எடுத்து வைத்தேன். பாவம், அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "எங்க மிஸ் பண்றேன்னே தெரியல அங்கிள்," என்றான். டீ போட்டுக் கொடுத்தேன்.

நீலா அவன் பெண்டாட்டி.

திருச்சிப் பெண். கல்யாணமாகி இங்கே வந்து, பிள்ளை இப்போதுதான் நடை பழகுகிறது. சாயந்திரம் பிள்ளையை ரிஷியின் அம்மாவிடம் விட்டுவிட்டு சறுக்கப் பழக வருவாள். பலகையை விட்டெறியாத ஆள் அவள் ஒருத்திதான். துணியால் துடைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, மேஜையில் வைத்து, பிறகுதான் கையை எடுப்பாள். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வருவாள். ரிஷி என்னை டிரையிங் ரூமுக்கு மாற்றப்போவதைக் கேட்டு அவனிடம் சண்டை போட்டிருக்கிறாள். அதையும் என்னிடமே வந்து சொன்னாள்.

"அவருக்கு விளக்குதான் எல்லாம் அங்கிள். வீட்லகூட பால் சூடாயிருச்சான்னு தெர்மாமீட்டர் வச்சுப் பாக்குறாரு."

"நீ எப்படிப் பாப்பே?"

"கையிலதான். ஒரு சொட்டு விட்டுப் பாத்தா தெரியாதா?" என்று சிரித்தாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாள் தப்பான ஆட்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தடியர்கள், நொண்டிகள், கவனமில்லாதவர்கள். இவள் எடை குறைவு. சொன்னதைக் கேட்கிறவள், விழுந்தால் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே விழுகிறவள். இவள் காலில் மஞ்சள் கழன்றால் எந்தக் காலிலும் கழலும். கழன்றது என்று இவள் சொன்னால் ரிஷி நம்பித்தான் ஆக வேண்டும். வேறு யார் சொன்னாலும் மெஷினிடம் போய்க் கேட்பான்.

டிரையிங் ரூம் கிழவருக்கு டிக்கெட் வந்துவிட்டது. நாள் இல்லை.

அன்றைக்கு அவளுடைய வழக்கமான பலகைக்கு மெழுகு காயவில்லை என்று சொன்னேன். மஞ்சளை எடுத்து வைத்தேன். அளவு சரியாக இருந்தது. அவளை பெஞ்சில் உட்காரவைத்து, நானே மண்டியிட்டு பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டி, குதிகாலை அமுக்கிப் பூட்டினேன். டக்கென்று சத்தம் வந்தது.

"விழுந்தா கழண்டுரும்ல அங்கிள்?" எப்போதும் கேட்பாள். பிள்ளையைத் தூக்க வேண்டுமே என்பாள்.

"கழண்டுரும்மா."

"நீங்க சொன்னா சரிதான்," என்றாள்.

கண்ணாடிக்கு வந்து நின்றேன். ரிஷி கீழே நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவள் மேலேயிருந்து மெதுவாக, அகலமாகத் திரும்பித் திரும்பி இறங்கினாள். நன்றாகத்தான் செய்தாள். கடைசித் திருப்பத்தில், கிட்டத்தட்ட நின்றேவிட்ட நிலையில், குறுக்கே ஒரு சின்னப் பிள்ளை வந்தது. இவள் ஒதுங்கினாள். வேகமே இல்லை, ஐயா. கட்டிலில் சாய்கிற மாதிரிச் சாய்ந்தாள். இடது பலகை பனியைக் கவ்விக்கொண்டு நேராக நின்றது. அவள் உடம்பு அதைச் சுற்றிக்கொண்டு போனது.

நான் பைண்டிங்கின் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கழலும், இப்போது கழலும் என்று பார்த்தேன். அவள் வாய் திறந்திருந்தது. கண்ணாடி தடிமன், சத்தம் வராது.

ஓடினேன். எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து குதிகால் பிடியை அமுக்கிப் பலகையை எடுத்தேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கழலல அங்கிள்," என்றாள். குற்றம் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு தகவலைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். விரல்களைப் பிரித்துவிட்டேன். பலகையைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்பதுதான் அப்போது நினைப்பு. ரிஷி மஞ்சளைப் பார்த்துவிட்டான்.

முழங்காலுக்குள் இருந்த கயிறெல்லாம் அறுந்துவிட்டது என்கிறார்கள். ரெண்டு ஆபரேஷன் முடிந்துவிட்டது. இனி முழுசாக மடங்காது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி ஏற முடியாது என்று ஜெய்னுலாப்தீன் வந்து அழுதான். அவன் எதற்கு அழுகிறான் என்று தெரியவில்லை.

விசாரணை என்று பட்டறையில் கூடினார்கள். சேஃப்டி ஆபீசர், இன்சூரன்ஸ் ஆள், ரிஷி. கேட்டதற்கெல்லாம் உங்களிடம் சொல்கிற மாதிரியே சொன்னேன். கோட்டை அழித்தது நான், ஸ்டிக்கர் மாற்றியது நான், சிவப்பு விழுந்தது தெரிந்தே அவள் காலில் பூட்டியது நான். முன்னால் அடிபட்டவர்களைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானே சொன்னேன். இன்சூரன்ஸ் ஆள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

ரிஷி குரலை உயர்த்தவில்லை. தாடி வளர்ந்திருந்தது. மஞ்சளை பட்டறைப் பிடியில் மாட்டி, பூட்ஸில் மெஷினின் ஒயரைச் செருகினான்.

"எப்பவும் தட்ற மாதிரி ஒரு தட்டுத் தட்டுங்க."

தட்டினேன். லேசாக, எப்போதும் போல. கழன்றது. "பாத்துக்கங்க," என்றேன்.

அவன் மெஷினை என் பக்கம் திருப்பினான். சிவப்பு எரிந்தது. அதில் என்னமோ நம்பர். "இது தட்டு இல்ல அங்கிள். ஒரு ஆள் காலை ஒடிக்கிற அடி," என்றான். "அவ உங்களுக்காக என்கூட பேசாம இருந்தா, தெரியுமா?"

ஜெய்னுலாப்தீன் ஒரு துணியைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தான். எதற்கு என்று பார்த்தேன். தோல் கிழிந்து, மேஜையெல்லாம் சொட்டியிருந்தது.

மெஷினை வாங்கியது ரிஷி. ஒயரைச் செருகியது ரிஷி. திருப்பிக் காட்டியதும் ரிஷி. பெண்டாட்டி கால் போன ஆத்திரத்தில் இருக்கிறவன் வைத்த விளக்கு எந்த நிறத்தில் எரியும்? கழன்றதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

போலீஸ் வருகிறது, உட்காருங்கள் என்றார்கள். நான் உட்காரவில்லை. துணியை மடித்து மேஜையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தேன். டிரையிங் ரூமைத் தாண்டி, சரக்கு இறக்குகிற வழியாக வெளியே வந்தேன். அங்கேதான் உங்கள் ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். ஓடினேன் என்று எழுதியிருப்பார்கள், நடந்தேன்.

நல்ல வெயில். வெளிக்கதவின் இரும்புப் பிடி கொதித்துக்கொண்டிருந்திருக்கும், எனக்கு முன்னால் போனவன் சட்டையால் பிடித்துத்தான் திறந்தான். நான் வெறுங்கையால் பிடித்துத் திறந்தேன். கிழிந்த கைதான். கொஞ்சம்கூட வலிக்கவில்லை. பழுது கையில் இருந்திருந்தால் வலித்திருக்காதா, ஐயா.